மூன்று வெள்ளி

கதவு புதிது, சட்டம் பழையது.
இரண்டையும் சேர்த்துவைத்த ஆள்
நாற்பது நிமிடத்தில் துளைக்கருவியைச் சுருட்டிக்கொண்டு
மின்தூக்கியில் இறங்கிவிட்டான்.

பூட்டுப் பக்கம் மேலே
பேருந்து அட்டை ஒன்று நுழையும்,
கீழே வர வர இரண்டு.
அடியில்தான் மோசம்.
ஒரு வெள்ளிக் காசுகளை அடுக்கித் தள்ளிப் பார்த்தேன்.
மூன்று போயிற்று, நான்காவது முட்டிக்கொண்டது.
மூன்று வெள்ளி ஓட்டை என்றே பெயராகிவிட்டது வீட்டில்.

தொலைபேசியில் அவன் சொன்னான்:
புளோக்குக்கு முப்பத்தைந்து வயது, மேடம்.
தரை ஒரு பக்கம் இறங்கியிருக்கும்.
இது தீ தாங்கும் கதவு,
இழைக்கவும் கூடாது, ஒட்டுப்போடவும் கூடாது,
காற்று வந்தால் நல்லதுதானே.

வந்தது.
ஏழாம் மாதம் கீழே எரித்த தாள்களின் சாம்பல்
பதினோரு மாடி ஏறி
சோபாவுக்கு அடியில் போய்ப் படுத்தது.
ரோஸ்னா வீட்டில் நெத்திலி பொரிந்தால்
என் குழம்புக்கு அன்று வாசனையே இல்லை.
டிசம்பரில் புக்கிட் பாஞ்சாங்கில்
மழை மேலிருந்து பெய்வதில்லை, பக்கவாட்டில் பெய்கிறது.
தாழ்வாரம் நிறைந்து,
நாய் நாக்கை நீட்டுவதுபோல
கதவடியில் தண்ணீர் மெல்ல உள்ளே நீண்டது.
தணிகைவேலின் பழைய கைலிகள் இரண்டைச் சுருட்டி
அணை கட்டினேன்.

ஆனால் இரவில்
அந்த ஓட்டை ஒரு கோடு போட்டுத் தரும்.
தாழ்வார விளக்கு விடியும்வரை எரிகிறதல்லவா,
கூடத்துத் தரையில் வெள்ளையாய், நேராய், ஒரு கோடு.
கடைசிப் பேருந்தை டிப்போவில் விட்டுவிட்டு
ஒன்றே முக்காலுக்கு அவர் வருவார்.
கோடு இரண்டு இடத்தில் அறுபடும்:
இடது சப்பாத்து, வலது சப்பாத்து.
சாவிச் சத்தம் மட்டும் வராது.

ஒரு நிமிடம் நிற்பார்.
சில நாள் நான்கு.
ஒருமுறை பதினொன்று. எண்ணியிருக்கிறேன்.
தொண்டையைக்கூடச் செரும மாட்டார்.
கோட்டில் இரண்டு இருட்டு, அவ்வளவுதான்.
நானும் பாயில் அசையாமல் கிடப்பேன்.
சாவி திரும்பியதும்
என் கண்கள் மூடிக்கொள்ளும்.
எதற்கு நிற்கிறீர்கள் என்று கேட்டால்
நான் விழித்திருந்தது தெரிந்துவிடும்.
கேட்காமலே மூன்று மாதம் ஓடிவிட்டது.

போன செவ்வாய் அவருக்கு விடுப்பு.
தோ கடையில் ரப்பர் பட்டை, பஞ்சு நாடா,
தூரிகை வைத்த அலுமினியச் சட்டம்,
ஒரு குழாய் சிலிக்கான் வாங்கிவந்தார்.
சட்டத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து,
முழங்காலிட்டு, நாடாவை இழுக்காமல் ஒட்டினார்.
இழுத்து ஒட்டினால் பின்னால் சுருங்கிக்கொள்ளும் என்று
தமக்கே சொல்லிக்கொண்டார்.
தரை இறங்கிய பக்கம் தூரிகையைக் கொஞ்சம் தாழ்த்தி
ஐந்து திருகாணி.
கடைசித் திருகாணிக்குக் குழி தேய்ந்துபோக
கோபத்தில் சிரித்தார். பார்த்து வெகுநாளாயிற்று அந்தச் சிரிப்பை.

மூடினார். சாப்பாட்டு டப்பா மூடும் சத்தம்.
"இப்ப தள்ளிப் பாரு உன் காசை."
ஒன்றுகூடப் போகவில்லை.

அன்றிரவு வீட்டில் கோடு இல்லை.
மறுநாளும் இல்லை.
மழை வெளியே எங்கோ
அடுத்த நாட்டில் பெய்வதுபோலக் கேட்டது.
மணி ஒன்றே முக்கால்.
நிற்கிறாரா, இன்னும் வரவில்லையா,
தரையைப் பார்த்தால் தரை மட்டும்தான் இருக்கிறது.

எழுந்துபோய்த் திறந்தேன்.
புது ரப்பர் விடமாட்டேன் என்றது, தோளைக் கொடுத்து இழுத்தேன்.
தாழ்வாரத்தில் ஈர மிதியடி, ரோஸ்னாவின் சைக்கிள்.
யாரும் இல்லை.
திரும்பலாமா என்று நினைக்கையில்
மின்தூக்கி திறந்தது.
சீருடையோடு, பையோடு,
என்னைக் கண்டதும் அங்கேயே நின்றுவிட்டார்.

"தூங்கலையா?"

"கதவு ஒழுங்கா மூடுதான்னு பார்த்தேன்."

கம்பிக்கதவைத் திறந்தேன்.
வெளியே மிதியடியில்
அவர் நிற்கும் இடத்தில்
சற்று நேரம் இருவரும் நின்றோம்.