மூன்றாம் நம்பர்

மவுசாக்கலை அணைக்கட்டு ஸ்டோரில்
பொழுதுபட ஆறு மிதவை அங்கிகளையும்
வாயால் ஊதிக் கொக்கியில் மாட்டுவேன்.
விடியும்வரை என் மூச்சு
அவற்றுள் நிற்க வேண்டும்.

வாயுக் குப்பிகள் தனி.
மாதமொருமுறை பஸ்ஸேறி
அடகுக்கடை நல்லலிங்கத்தின் தராசில் நிறுப்பேன்.
"பவுனா, தங்கச்சி?" என்பார், ஒவ்வொரு தடவையும்.
கழுத்தில் வெட்டிய எடைக்கு
நாலு கிராம் குறைந்தது ஒன்று.
கயிறு கட்டிக் கதவில் தொங்குகிறது,
காற்றுக்கு மணியாக.

ஜெபநேசன் ஒருமுறை நனைந்ததை
அடுப்பருகில் காயப்போட்டான்.
தையலோரம் அப்பளமாய்ப் பொங்கியது.
அது இப்போது கோழிக்கூட்டுக்குக் கூரை.
நிழல்தான் வேண்டும் அதற்கு;
பனிமூட்டத்தில் மூன்று நாளானாலும் நிழல்.

இன்றைக்கு விடிய மூன்றாம் நம்பர்
தோள் சரிந்து தொங்கியது.
சவர்க்கார நுரை தடவினேன்.
வால்வோரம் ஒரு குமிழ்,
பொறுத்து இன்னொன்று.
திறந்தால் உள்ளே சிவப்பாய் ஒரு துகள்:
செங்கல்.
மதகடியில் அவன் துழாவிய இடத்தில்
தண்ணீர் வருமுன் கடைத்தெரு இருந்ததாம்.
எந்த முதலாளியின் சுவரோ.
வால்வுக்கு அது மண், அவ்வளவுதான்.
கோழியிறகால் தட்டி,
பீலித் தண்ணீரில் அலசி,
மறுபடி ஊதினேன்.

மற்ற ஐந்தும் போய்விட்டன.
படகு உறுமுகிறது.
"தாங்க அக்கா, இன்னைக்கு இருபதடிதான்."
மூச்சுமுட்ட மூன்றடி போதும், தம்பி.
நாளை விடியட்டும்.
இது நின்றால் நீ இறங்கலாம்.

கரைக்கல்லில் குந்திக் கச்சான் உடைக்கிறான்.
நான் பார்க்காத நேரம் பார்த்து வந்து
அங்கியின் வயிற்றைக்
கட்டைவிரலால் அமுக்கிப் போகிறான்.