விசாரித்ததாகச் சொல்லவும்

நான் சொன்ன முதல் வாக்கியமே தப்பு.
"உங்களக் கொஞ்சம் விசாரிக்கணும், உக்காருங்க."
எங்கள் ஊரில் அது பிரியமான சொல்.
கல்யாண வீட்டில், ரயிலடியில்,
போனை வைப்பதற்கு முன்னால்
அம்மாவை விசாரிச்சேன்னு சொல்லு என்போம்.

மரியசீலன் உட்காரவில்லை.
கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.
பெல்ட்டை உருவி அதன் பக்கத்தில் வைத்தார்.
செருப்பை விட்டுவிட்டு
சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

வளசரவாக்கம், ஜெராக்ஸ் கடைக்கு மேலே முதல் மாடி.
எனக்கு எம்.எஸ்.டபிள்யூ.வில் அறுபத்தெட்டு சதவீதம்.
ஒரு முதுகிடம் என்ன பேசுவதென்று
எந்தத் தாளிலும் கேட்டிருக்கவில்லை.
ஃபேனை நிறுத்தினேன், ஏனென்று தெரியாது.
டீ வந்து ஆறியது.
அரைமணி கழித்து
சுவரிடமே கேட்டார்:
"மிஸ், இருக்கலாமா?"

அதற்குப் பிறகுதான் அறையைக் கற்றுக்கொண்டேன்.
நாற்காலி கதவைப் பார்த்து இருக்க வேண்டும்
(அவருக்குக் கதிரை; இப்போது எனக்கும்).
காய்கறி வாங்கிய பாலிதீன் பை
கண்ணில் படக்கூடாது.
வண்டிக்குப் பெட்ரோல் போட்ட கையோடு வரக்கூடாது.
அவருக்குப் பின்னால் யாரும் நடக்கக்கூடாது,
தண்ணீர் கேன் போடுகிற பையன்கூட.

"அங்க" என்பார்.
எங்கே என்று கேட்டதில்லை.

கும்மிடிப்பூண்டி முகாமிலிருந்து விடிகாலை மின்சார ரயில்.
பெயிண்டர்.
பேசாலையில் வலை இழுத்த தோள்
காதுக்கு மேல் எழும்பாது.
எப்படி அப்படியானது என்பது கோப்பில் இருக்கிறது,
இங்கே எழுத மாட்டேன்.

செவ்வாய்க்கிழமைகளில் ஹாஜிரா வருவாள், பிசியோ.
விரல்களால் சுவரில் ஏறச் சொல்வாள், எறும்பு மாதிரி.
எட்டிய இடத்தில் பென்சில் கோடு, தேதி.
ஆகஸ்ட்டில் ஒரு விரற்கடை, செப்டம்பரில் இரண்டு.
நவம்பரில் தீபாவளி.
மூன்று வாரம் ஆளைக் காணோம்.
போனை எடுத்தவர் மனைவி:
"கட்டிலுக்குக் கீழ கிடக்கிறார், மிஸ்.
பிள்ளையளும் கூடப் போய்ப் படுத்திட்டுதுகள்."
திரும்பி வந்த அன்று போட்ட கோடு
எல்லாக் கோடுகளுக்கும் கீழே இருந்தது.

பொங்கல் கழிந்த செவ்வாய்.
விரல்கள் பாதி ஏறி நின்றன.
வலியா என்றேன்.
நகத்தால் சுவரைச் சுரண்டினார்,
வெள்ளைப் பொடி உதிர்ந்தது.
"இது ஆர் அடிச்சது?"
ஹவுஸ் ஓனர் என்றேன்.
"பட்டி பார்க்காம அடிச்சிருக்கு.
ரெண்டு மழை தாங்காது."

முழுதாகப் பத்து நிமிஷம் சுவரைத் திட்டினார்.
பிரைமர் இல்லை, ஈரத்தில் அடித்தது,
காசு மிச்சம் பிடிக்கிற புத்தி.
ஹாஜிராவும் நானும்
வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகள் மாதிரி நின்றோம்.

குணமாகிவிட்டார் என்று நினைக்க வேண்டாம்.
முகாமில் பெயர் கூப்பிடும் நாளுக்கு முந்தின இரவு
இன்றைக்கும் தூங்குவதில்லை.

போன வாரம் என் அம்மா ஸ்டான்லியில், இடுப்பெலும்பு.
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
கதவருகே நின்றார்.
"அம்மாவ வி..."
உதடு அந்த எழுத்திலேயே நின்றது.
எச்சில் விழுங்கினார்.
"சுகம் கேட்டதாச் சொல்லுங்கோ."
சொல்றேன் என்றேன்.

அவர் இறங்கிப் போனபின் பார்க்கிறேன்,
மேசையில் கடிகாரம்.
வழக்கம்போலக் கழற்றி வைத்தது.
வழக்கமில்லாமல் விட்டுப் போனது.
பஸ் ஸ்டாப் வரை ஓடலாமென்று எழுந்தேன்.
முதுகுக்குப் பின்னால் ஓடிவரும் காலடி
அவருக்கு என்னவென்று நினைவு வந்தது.
உட்கார்ந்துகொண்டேன்.

ஏழு நிமிஷம் முந்தி ஓடுகிற கடிகாரம்.
கண்ணாடியில் ஒரு துளி நீலப் பெயிண்ட்.
கீழே ஜெராக்ஸ் மெஷின் நின்றது.
படியில் செருப்புச் சத்தம்,
ரெண்டு ரெண்டு படியாக.