ஆறட்டும்

மூடிமேல் உள்ளங்கையை வைத்தேன்.
சூடு.
நான் வருமுன்பே இதை எழுப்பி
மறுபடி தூங்கவைத்திருக்கிறார்கள்.

"ராத்திரி நல்ல குளிர், அதான் கொஞ்சம் ஓடவிட்டேன்"
என்றார் ஆர்லன் ஸ்டௌஃபர்,
இடுப்பில் கைவைத்து, என்னைப் பார்க்காமல்
தன் அஞ்சல்பெட்டியைப் பார்த்து.

இண்டியானாவில் மார்ச்.
வயலில் போன வருடத்துச் சோளத்தட்டைகள்.
எண்பத்தேழாம் வருட ப்யூக், கறுப்பு.
கறுப்பு அழுக்கைக் காட்டிக்கொடுக்கும், கீறலைக் காட்டிக்கொடுக்கும்,
குனிந்து ஓரக்கண்ணால் பார்த்தால்
தகட்டின் நெளிவையும்.

நான் டொலிடோவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
பதினோரு வருடச் சேமிப்பு
கோட்டின் உள்பையில், உறையில்.
நடந்தால் விலாவில் உறுத்துகிறது.
"சரி, ஆறட்டும்" என்றேன்.
அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மூன்று மணி நேரம்.
நெடுஞ்சாலையோரக் கடையில் செர்ரி பை ஒரு துண்டு,
வெட்கமில்லாமல் இன்னொரு துண்டு.
பரிமாறியவள் கேட்டாள், யாருக்காகக் காத்திருக்கிறீர்கள்?
ஓர் எஞ்சினுக்காக.
என்ன நினைத்துக்கொண்டாளோ,
காபிக்குக் காசு வாங்கவில்லை.

தானமாக வந்த மாடென்றால்
பல்லைப் பிடித்துப் பார்த்திருக்க மாட்டேன்.
இது இருபத்தாறாயிரம் டாலர் மாடு.
வாயைத் திறக்கச் சொன்னேன்.

எண்ணெய்க் குச்சியில் தேன் நிறம், பரவாயில்லை.
டர்போவின் குழாயைக் கழற்றி
உள்ளே சின்னச் சக்கரத்தை விரலால் சுழற்றினேன்.
பக்கவாட்டில் ஒரு மயிரிழை ஆடலாம்;
முன்னும் பின்னும் கூடாது.
முன்னும் பின்னும் ஆடியது.

சாவி. முதல் திருப்பு.
புகைக்குழாயிலிருந்து ஒரு கொத்து நீலம் கிளம்பி
வேலியைத் தாண்டி
பக்கத்து வீட்டுத் துணிக்கொடியில் போய்க் கரைந்தது.
இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.
இப்போது அவர் கை இடுப்பில் இல்லை.

வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து பிய்த்துவந்த காந்தம், நயாகரா படம் போட்டது,
கதவில் ஒட்டியது, கூரையில் ஒட்டியது,
பின்சக்கரத்துக்கு மேலே
வழுக்கிப் புல்லில் விழுந்தது.
மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்தது.
"நயாகரா அல்லவா, விழத்தானே செய்யும்" என்றார் ஆர்லன்.
நல்ல நகைச்சுவைதான்.
மனதுக்குள் ஆயிரத்தைந்நூறு குறைத்தேன்.

பிறகு ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்.
மிதித்தேன். ஒன்றுமில்லை.
ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே இல்லை.
எங்கிருந்தோ ஒரு சீழ்க்கை,
அப்புறம் முதுகை யாரோ இருக்கையோடு சேர்த்து அறைந்தார்கள்,
தட்டைகளெல்லாம் ஒரே கோடு.
நாற்பத்தொன்பது வயதில் நான் போட்ட கூச்சல்
பக்கத்தில் இருந்தவருக்குக் கேட்டுவிட்டது.
என் தவறு.
வாங்க வந்தவள் கூச்சல் போடக் கூடாது.

ஷூ பெட்டி நிறைய ரசீதுகள். அவரே நீட்டினார்,
அடியில் கிடந்ததையும் சேர்த்து:
இரண்டாயிரத்து ஒன்பது, பள்ளத்தில் இறங்கியது,
பின்தகடு, பட்டி, பெயின்ட், எழுநூற்று நாற்பது டாலர்.
ஓரத்தில் பேனாவால்,
"ஓட்டியது நான்தான். ஜோனெல் இல்லை."
ஜோனெல் யாரென்று கேட்கவில்லை.
விற்கிற மனிதர் அந்தத் தாளைக் கிழித்திருக்கலாம்.

பத்தொன்பது, என்றேன்.
வண்டியைப் பார்த்தார். அஞ்சல்பெட்டியைப் பார்த்தார்.
இருபத்து மூன்று.
உறையைத் தொடாமல் கைகுலுக்கி
என் வேனில் ஏறிக் கதவைச் சாத்தினேன்.
இதற்குத்தான் காந்தமும் உதவாது, விரலும் உதவாது.
கண்ணாடியில் அந்தக் கறுப்பு சின்னதாகி
ஒரு தபால்தலை அளவுக்கு வந்து
காணாமல் போனது.

ஃபோர்ட் வேய்ன் தாண்டியதும் போன் அடித்தது.
இண்டியானா எண்.
உடனே எடுக்காதே, ரெனாட்டா.
அடிக்கட்டும், ஒன்று.
அடிக்கட்டும், இரண்டு.
மூன்றாவது மணியில்தான் கவனித்தேன்,
வேனின் முள் எண்பதைத் தொட்டிருந்தது.
எப்போது மிதித்தேன்?