சில்லறைச் செலவு

குட்டாயிசி நகர மருத்துவமனையின்
சம்பளப் பட்டியலில்
மாக்வாலாவுக்கு வரிசை இல்லை.
எந்தப் பிரிவு என்று கேட்டது கணினி.
'மற்றவை' என்று அழுத்தினேன்.
எலி பிடிக்க வருபவரையும்
கூரை ஒழுகினால் வருபவரையும்
போட்டுவைக்கும் பெட்டி அது.

புது வேலை. ஆணையில் ஒன்றரை வரி:
'வீடு திரும்பும் நோயாளிகளைக்
கவனித்தல், முதலியன.'
அந்த 'முதலியன'வுக்குள்தான்
அவள் குடிபுகுந்தாள்.

முன்னால் இருந்தவர் என்று யாருமில்லை.
ஆகவே நாற்காலி இல்லை, சாவி இல்லை,
'அவர் காலத்தில் இப்படியா இருந்தது' என்று
குறைசொல்லவும் வழியில்லை.
எக்ஸ்ரே அறைக்கு வெளியே
காலொடிந்த பெஞ்சின்
ஒடியாத முனையில் உட்கார்ந்தாள்.

'பெயருக்கு ஒரு வேலை' என்றார்
மருந்தாளர் தோர்னிகே.
'அதற்குப் பெயரும் இல்லையே' என்றேன் நான்.
சிரித்தோம். அது பிப்ரவரி,
சிரிக்கக் கிடைத்ததை விடும் மாதமல்ல.

மார்ச்சில் அவளுடைய முதல் செலவுச் சீட்டு:
'லிஃப்டுக்கு, இருபது தெத்ரி.'
ரசீது எங்கே?
'காசை விழுங்கும் பெட்டி ரசீது துப்புமா?'
நிராகரித்தேன்.
மறுநாளும் இருபது. அதற்கடுத்த நாள் நாற்பது.
'என்ன சில்லறை வேலை இது' என்று
கத்தியேவிட்டேன்.
'ஆமாம்' என்றாள், 'அதேதான்.'

பழைய ஒன்பது மாடிக் கட்டடங்களில்
காசு போட்டால்தான் லிஃப்ட் ஏறும்.
இடுப்பில் ஆணி வைத்த வெல்டர் வக்தாங்
பையில் பெரிய நோட்டை வைத்துக்கொண்டு
ஏழு மாடி படியேறினார்.
நான்காம் நாள் திரும்பி வந்தார்,
நம்மிடமே, அதே கட்டிலுக்கு.
'இரண்டாம் அறுவைக்கு எவ்வளவு,
உங்கள் பேரேட்டில்?'
பார்த்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை.

வலிக்கிறதா என்று அவள் கேட்பதே இல்லை.
அதைக் கேட்க ஆட்கள் உண்டு.
எந்த மாடி? கதவு எந்தப் பக்கம் திறக்கும்?
விறகு யார் பிளப்பது?
நாய் மேலே தாவுமா?
ஒருத்தியிடம், குரலைத் தாழ்த்தி:
வீட்டுக்குப் போக ஆசைதானா?
அந்தப் பெண்ணை அன்று அனுப்பவில்லை.

ஒருமுறை சுத்தமாகச் சொதப்பினாள்.
கோனிக்குப் போகவேண்டியவரை
ஓனிக்குப் போகும் வண்டியில் ஏற்றிவிட்டாள்.
மலையேறி இறங்கிய டாக்ஸியின் சீட்டு
என் மேசைக்கு வந்தது.
பேசாமல் கையெழுத்துப் போட்டேன்.

நவம்பரில் அவளுக்குக் காய்ச்சல், இரண்டு நாள்.
காலை பத்து மணிக்குள்
மூன்றாம் வார்டு, எலும்புப் பிரிவு, வாசற்காவல்,
(என்னிடம் ஏன் கேட்டார்களோ)
'அவள் இடத்தில் இன்று யார்?'

இடமா?
எழுந்துபோய்ப் பார்த்தேன்.
பெஞ்சின் ஒடியாத முனை காலியாக இருந்தது.
போன வருடமும் அது காலிதான்.
காலி என்று அப்போது
யாரும் சொன்னதில்லை.

ஜனவரியில் இரண்டாவது ஆளுக்கு
இயக்குநர் ஒப்புதல் தந்தார்.
கணினியில் புதுவரிசை திறந்தேன்.
பதவியின் பெயர்? என்றது.
தகுதி? என்றது.
மாக்வாலா காப்பித் தகர டப்பாவைக் கவிழ்த்து
எண்ணிக்கொண்டிருந்தாள்.
'எழுது. கையில் சில்லறை இருக்க வேண்டும்.'

எழுதினேன்.
பெயருக்கான கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை.
சிவப்பாகக் கண்சிமிட்டிக்கொண்டே இருக்கிறது.
சம்பளம் மட்டும்
மாதம் தவறாமல் போய்ச் சேருகிறது.