ஒரு சாண் பச்சை

ஷாக் எல்லாம் இல்லம்மா, சும்மா கூச்சம்
என்றார் வீட்டுக்காரர் வேதாசலம்.
செருப்புப் போட்டுக்கொண்டு ஃபிரிட்ஜைத் திறக்கச் சொன்னார்.
அப்படித்தான் மூன்று வருடம்
சமையலறை வாசலில் கிடந்தது
யார் காலுக்கும் பொருந்தாத
ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.

சின்னவள் தானாகவே பழகிக்கொண்டாள்:
புறங்கையால் முதலில் தொட்டுப் பார்ப்பாள்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
கிரைண்டர் ஓடும்போது
சிங்க் குழாயைத் தொட்டால்
முழங்கை வரை எறும்பு.

டிசம்பரில் மடிப்பாக்கம் முழுக்க முட்டியளவு தண்ணீர்.
வடிந்த பிறகு
அடுத்த தெரு முனையில் கண்ணீர் அஞ்சலி பேனர்.
முப்பத்து நான்கு வயது,
கூலிங் கிளாஸ் போட்ட படம்.
மோட்டாரைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

அன்று சாயங்காலம் ஜபருல்லாவுக்கு போன் செய்தேன்.

அவன் முதலில் சுவிட்சை அணைத்தான்.
அணைத்த பிறகும் டெஸ்டர் சிவந்தது.
நியூட்ரலை வெட்டியிருக்காங்க, ஃபேஸ் உள்ளயே நிக்குது
என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு
சாக்கெட்டைக் கழற்றினான்.
மேலே இருக்கும் பெரிய துளைக்குப் பின்னால்
ஒரு சாண் பச்சை வயர்,
எதிலும் சேராமல்
சுவருக்குள் மடிந்து கிடந்தது.
முனையில் டேப் சுற்றியிருந்தார்கள்,
அக்கறையாக.

ஹோல்டரில் நூறு வாட்ஸ் குண்டு பல்ப்.
ஒரு வயர் ஃபேஸில், ஒரு வயர் பெரிய துளையில்.
எரியவில்லை.
இங்க பூமி இல்லக்கா, என்றான்.
தரைத்தளத்தில்
வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தேன்.

பூமியைத் தேடினோம்.
வாசலில் சிமென்ட், கார் நிற்கும் இடத்தில் டைல்ஸ்,
கொல்லைப்புறம் என்று சொன்ன இரண்டடிச் சந்திலும் டைல்ஸ்.
துளசிகூட பெயின்ட் டப்பாவில்.
ஒரு டைலை உடைக்க வேதாசலத்திடம் நான்கு நாள் பேச்சு.
அட்வான்ஸில் கழிப்பேன் என்றார்.
கழியுங்கள்.

கடப்பாரை முதலில் எடுத்தது
யாரோ வீட்டு பாத்ரூமின் நீலச் சில்லுகள்,
செங்கல், சாக்குத் துண்டு, பால் கவர்.
ஐந்தடிக்குக் கீழேதான்
கறுப்புக் களி, நத்தை ஓடு, ஏரி நாற்றம்.
ஜபருல்லா அதைக் கையில் எடுத்துப் பிசைந்து
நல்ல மண்ணு என்றான்.

கல்லுப்பு முப்பது கிலோ கேட்டபோது
மளிகைக்கடைக்காரர் கேட்டார்,
ஊறுகாய் ஆர்டரா?

குழாய் இறங்கியது. கரி, உப்பு, கரி, உப்பு.
பச்சை வயர் ஜன்னல் வழியாக நுழைந்து
ஒவ்வொரு பெட்டியாகப் போய்
சாக்கெட்டைப் பிடித்தது.
சுவிட்ச் ஃபேஸுக்கு மாறியது.
மறுபடி அதே பல்ப், அதே துளை:
மஞ்சளாக, முழுசாக எரிந்தது.

பிறகு மீட்டர் பக்கத்தில் டிரிப்பரை மாட்டிவிட்டு
இன்னொரு தடவை என்றான்.
பல்ப் கண் சிமிட்டக்கூட இல்லை,
டக்.
எங்கள் வீடே இருட்டு.
ஃபேன் மட்டும் மெதுவாகச் சுற்றி நின்றது.
இருட்டில் அவன் சிரிப்பது கேட்டது.
மாடியிலிருந்து, என்னப்பா ஆச்சு?
வேலை செய்யுது சார்!

மே மாதம்.
மெட்ரோ தண்ணி லாரி வரும் நாளில் எனக்குப் பதினொரு குடம்.
அதில் அரைக் குடம்
உடைந்த டைலின் சதுரத்துக்குள் ஊற்றுகிறேன்.
மண் காய்ந்தால் அது கேட்காது என்று
ஜபருல்லா சொல்லியிருக்கிறான்.
எதிர்வீட்டு ஹெலன் மதில் வழியாகப் பார்த்து
என்ன செடி வச்சிருக்க என்றாள்.
விளக்க ஆரம்பித்தேன்.
குக்கர் விசில் அடித்தது, போய்விட்டாள்.

ராத்திரி பதினொன்றரை இருக்கும்.
சமையலறையில் மெல்லிய வெளிச்சம்.
சின்னவள் ஃபிரிட்ஜைத் திறந்திருக்கிறாள்,
மாம்பழத் துண்டுக்காக.
தரையில் ஈரக் காலின் சப்தம்,
செருப்பின் சப்தம் இல்லை.

புரண்டு படுத்தேன்.