கேள்வி பதினேழு

குவோப்பியோவிலிருந்து வடக்கே எண்பது கிலோமீட்டர்.
பனி வழிக்கும் வண்டியின் பின்னாலேயே ஊர்ந்து
பத்தே காலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.
வெய்க்கோ ஹார்தொனென், ஐம்பத்து மூன்று,
மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர்.
அடையாள அட்டையை நான் எடுப்பதற்குள்
காப்பி ஊற்றிவிட்டாள் மனைவி தைமி.

பழைய போன்களின் படங்களை மேசையில் பரப்பினேன்,
சீட்டுக்கட்டைப் போல.
ஒன்றைத் தொட்டார். "இது."
தொண்ணூற்றேழில் வாங்கியதாம்.
விலையை மார்க்காவில் சொன்னார், பென்னி பிசகாமல்.
முப்பது டிகிரிக் குளிரில் பேட்டரி செத்துவிடும்,
அக்குளில் இடுக்கி உயிர் கொடுப்பாராம்.
"நான் அதைச் சூடாக்கினேன், அது என்னைச் சூடாக்கியது.
யார் பாக்கி என்று பார்க்கத்தானே வந்திருக்கிறாய்?"
சிரிப்பு வாயின் ஒரு பக்கத்துக்குத்தான் எட்டியது.

நாளைக்கு எத்தனை அழைப்பு, எத்தனை நிமிடம்.
நகரத்திலா, காட்டுக்குள்ளா.
கோபுரம் தொலைவென்றால் போன் உரக்கக் கத்த வேண்டும்,
அதற்காகக் கேட்கிறோம். காரணம் சொல்லக் கூடாது.
கேள்வி பதினேழு: வழக்கமாக எந்தக் காதில்?

கை தானாக எழுந்தது.
வலக்காதுக்கு மேலே, முடி முளைக்காத
பிறைத் தழும்பில் போய் நின்றது.
"இதில்தான். எப்போதும் இதில்."

"வலக்கை கியரில் இருக்கும்" என்றாள் தைமி,
எங்களிடம் அல்ல, கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்திடம்.
"இருபது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன்.
போன் இடக்கையில். ஸ்டியரிங்கை முழங்காலால் பிடிப்பார்.
நான் திட்டுவேன்."

அவர் காதில் விழவில்லை. அல்லது விழுந்தது.
விதிப்படி பதில் நோயாளியுடையது.
வலது என்ற கட்டத்தில் கோடு போட்டேன்.
பென்சில் முனை முறிந்தது. அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை,
மலிவான பென்சில்.

அவர் பொய் சொல்லவில்லை.
தூக்கத்தில் போர்வையை இழுப்பவர் மாதிரி
வலி நினைவைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது,
அவ்வளவுதான்.

ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு ஜோடி உண்டு.
அதே வயது, அதே வட்டாரம், தலையில் ஏதும் இல்லாதவர்,
பதிவேட்டிலிருந்து குலுக்கி எடுத்தவர்.
முதலில் வந்த பெயர்க்காரர் மறுத்துவிட்டார்:
"நான் போனில் பேசுவதே இல்லை, என்னிடம் என்ன கேட்பாய்?"
எங்கள் தூக்கத்தைக் கெடுப்பவர்கள் இவர்கள்தான்.

அடுத்தவர் ஆர்மாஸ் ரவுத்தியோலா.
உறைந்த ஏரியில் துளை போட்டு உட்கார்ந்திருந்தார்.
"எந்தக் காதா?"
தூண்டில் நூலைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார்.
"அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?"
கொஞ்சம் கழித்து,
"எனக்கு ஜோடி யார்? நன்றாக இருக்கிறாரா?"
சொல்ல அனுமதி இல்லை.
மீன் ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி நீட்டினார்.
"அவருக்கு."
படிவத்தில் அதற்கு இடம் இல்லை.
வீட்டுக்குக் கொண்டுபோய் நானே வறுத்துத் தின்றேன்.

மூன்று வருஷம். ஆயிரத்துச் சொச்சம் காதுகள்.
பேராசிரியர் பலகையில் எழுதினார்:
பூஜ்யம் புள்ளி எட்டிலிருந்து ஒன்று புள்ளி மூன்று வரை.
நடுவே ஒன்று உட்கார்ந்திருக்கிறது.
எங்கள் கணக்கில் ஒன்று என்றால் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்று நிரூபித்துவிட்டதாகவும் இல்லை.
"ஆபத்தா இல்லையா?" என்றார் தொலைக்காட்சி நிருபர்.
"நாங்கள் பார்த்த அளவில்" என்று அவர் தொடங்கியதுமே
கேமரா கீழே இறங்கியது.

இதற்கெல்லாம் முன்பு, ஏரி உடைகிற ஒரு மாதத்தில்,
தைமி கூப்பிட்டாள்.
அவர் போய்ப் பதினோரு நாள்.
"அந்தத் தாள் இன்னும் செல்லுமா?"
செல்லும்.
"அதில் வலது என்றுதானே இருக்கிறது?"
வலதுதான்.
மூச்சு மட்டும் கேட்டது கொஞ்ச நேரம்.
"இருக்கட்டும். மாற்றிவிடாதே."

போனை வைத்தபோது காது சுட்டது.
எந்தக் காது என்று
நான் குறித்து வைக்கவில்லை.