இடது முன்சக்கரம்

மூன்று ராத்திரி எண்ணெய் குடித்தும்
அசையவில்லை போல்ட்.
ஆறு மூலையும் மழுங்கிக் கிடந்தது.
பதினாலு போடவேண்டிய இடத்தில்
பதினைந்து ஸ்பேனர் போட்டுத் திருகிய கை
யாருடையதென்று தெரியும் எனக்கு.
அளவு பார்க்கிற பழக்கம்
தயாளனுக்குக் கிடையாது.

பிரிந்தபோது
சோபா, பிரிட்ஜ், நாய் அவனுக்கு.
பையனும் எண்பத்தேழாம் வருஷத்து கிரஸிடாவும் எனக்கு.
மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும்
இடப்பக்கம் இழுக்கிற வண்டி.
சாட்ஸ்வர்த்திலிருந்து இறங்கி
ஜேக்கப்ஸ் பெயின்ட் ஃபேக்டரி போய்ச் சேரும்போது
அந்த ஒரு சக்கரம் மட்டும்
தோசைக்கல்லாய்க் காய்ந்திருக்கும்.

சனிக்கிழமை காலை
பதின்மூன்று சாக்கெட்டை
மழுங்கிய தலைமேல் சுத்தியலால் அடித்து இறக்கி,
கைப்பிடியில் பந்தல் குழாயைச் செருகி
முழு உடம்போடு தொங்கினேன்.
க்ரக்.
உடைந்தாலும் அதே சத்தம்,
விட்டாலும் அதே சத்தம்.
கண்ணைத் திறக்கச் சற்று நேரமானது.

விட்டிருந்தது.

சறுக்குப் பின் இரண்டும் துருவில் வேர்விட்டிருந்தன.
திருகித் திருகி உருவுவதற்குள்
பத்துமணி வெயில் பன்னிரண்டானது.
கடல் இங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர்.
உப்புக்கு அது ஒரு தூரமா?

பிஸ்டன் மட்டும் வரவில்லை.
அதை முதுகில் கைவைத்துத் தள்ள
யாராவது பெடலை மிதிக்கவேண்டும்.
திரோஷனின் கால் எட்டாது. அவன் வேறு
அப்பா வீட்டிலிருந்து இன்னும் வரவில்லை.

அவனைக் கொண்டுவந்து விட்டாள் கெருஷ்ணி.
வெள்ளைக் கால்சட்டை, புது மோதிரம்.
எங்களுக்குள் இருந்த இங்கிலீஷ் முழுவதும்
வக்கீல் கடிதங்களில் செலவாகியிருந்தது.
சக்கரக் குழிக்குள் தலையை விட்டபடி
'அமுக்கு' என்றேன், தமிழில்.
கோயில் பஜனைக்கு மேல் தமிழ் தெரியாதவள்.
பையன் அர்த்தம் சொல்வதற்குள்
செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு
ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

கலிப்பரின் வாயில் மரக்கட்டை கொடுத்திருந்தேன்.
அமுக்கு. இன்னும். இன்னும்.
டப்பென்று கட்டையில் மோதி நின்றது பிஸ்டன்,
கூடவே காப்பி நிறத்தில் ஒரு வாய் எண்ணெய்
என் முழங்கைவரை.

போய்விடுவாள் என்று நினைத்தேன்.
மதிலில் குரங்குகள் வந்து உட்கார்ந்திருந்தன.
புது ரப்பர் வளையம், தூசிமூடி,
நூற்று எண்பது ராண்ட் சாமான்,
தின்னக்கூடியது என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு ஓடும்.
துடைப்பத்தை எடுத்து
ஒரு மணிநேரம் காவல் நின்றாள்.

தேய்க்கத் தேய்க்க வெள்ளிமுகம் தெரிந்தது.
குழி விழவில்லை, என் நல்லகாலம்.
வளையத்தை பிரேக் எண்ணெயில் நனைத்து
(கிரீஸ் ஆகாது, கிரீஸில் ரப்பர் ஊதிவிடும்)
பள்ளத்தில் விரலாலேயே உட்காரவைத்தேன்.
கோணாமல் வைத்தால்
பெருவிரல் சொன்னாலே கேட்கிறது.
இந்த பிஸ்டனையா இத்தனை வருஷம் திட்டினேன்.

பிறகு காற்றை வெளியேற்றும் வேலை.
அமுக்கு.
பிடி.
திருகைத் திறக்கிறேன், குழாயில் குமிழ் ஓடுகிறது,
மூடுகிறேன்.
விடு.
ஒருமுறை நான் மூடும் முன்பே காலை எடுத்துவிட்டாள்.
துரத்திய காற்றெல்லாம் திரும்ப உள்ளே.
'ஸாரி' என்றாள்.
பிரேக்குக்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

முதலிலிருந்து.
அமுக்கு, பிடி, விடு.
பதினேழாவது தடவையில்
விடு என்று நான் சொல்லவேண்டியிருக்கவில்லை,
அவளே சொன்னாள், என் குரலில்.
பெடல் கல்லாய் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை, தேவாலயக்காரர்கள் உள்ளே போனபின்
வெறும் தெருவில் ஓட்டிப் பார்த்தேன்.
ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு மிதித்தேன்.
நேராக நின்றது.

தட்டில் ஒரு கிளிப் மீந்திருக்கிறது.
எங்கிருந்து கழற்றியதென்று
எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.
குண்டுகுழியில் இடப்பக்கம் லொடலொடவென்கிறது.
நிற்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.